தொப்பிக்குப் பத்து கிராம்

ஏஞ்சல் சிஸ்டர் மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் காய்கறிக் கடைக்காரர்களின் முகம் மாறிவிடும். அரைக் கிலோ கத்தரிக்காய் என்று பையில் போட்டுக் கொடுப்பார்கள். அந்த அம்மாள் பையை வாங்கி இடது உள்ளங்கையில் ஒரு நொடி ஏந்திப் பார்த்துவிட்டு, நாற்பது கிராம் குறைகிறது என்று சொல்வார். கோபப்பட மாட்டார், குரலை உயர்த்த மாட்டார், ஆனால் இடத்தைவிட்டு நகரவும் மாட்டார். கடைக்காரர் மறுபடி தராசில் வைத்தால் சொன்னபடி நாற்பது கிராம் குறையும். ஒரே ஒரு தடவை முப்பத்தைந்து குறைந்தது. அன்று வீட்டுக்குப் போய், தன் கை மந்தமாகிவிட்டது என்று கணவர் கிறிஸ்டோபரிடம் சொல்லி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

இது அவர் தேடிப் போய்க் கற்ற வித்தை இல்லை. காஞ்சிபுரத்தில் ஓர் அரசு மருத்துவமனையில், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளும் பிறந்ததும் நோயில் விழுந்த குழந்தைகளும் இருக்கும் தனிப் பிரிவில், பத்தொன்பது வருஷமாக அவர் நர்ஸ். அங்கே தினமும் காலையில் பத்துப் பன்னிரண்டு குழந்தைகளை எடை மெஷினில் வைத்து எடுக்க வேண்டும். தொள்ளாயிரம் கிராம், ஆயிரத்து இருநூறு கிராம் என்று கைக்குள் அடங்கும் குழந்தைகள். பத்தொன்பது வருஷம் அவர்களைத் தூக்கித் தூக்கி, மெஷின் சொல்வதற்கு முன்பே கை சொல்ல ஆரம்பித்துவிட்டது.

இந்த வேலைக்கு அவர் வந்த கதையே வேடிக்கை. ஐயம்பேட்டையில் அவருடைய அப்பா முனுசாமியும் அம்மா பொன்னியம்மாளும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். பெண் பிள்ளை ஆயுசுக்கும் சேற்றில் நிற்கக் கூடாது என்று பொன்னியம்மாள் முடிவு கட்டினார். நர்ஸ் என்றால் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிற வேலை என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். மகளும் நம்பிப் படித்தாள். பத்தொன்பது வருஷம் ஆகிறது, அந்த நாற்காலியை ஏஞ்சல் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

ஊரில் அவருக்கு வேறு பெயர் உண்டு. கைகழுவு சிஸ்டர் என்பார்கள். குழந்தையைத் தொட வருகிற அப்பனோ அம்மாவோ பாட்டியோ யாராக இருந்தாலும் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டு, விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று ஆறு விதமாகத் தேய்த்தாக வேண்டும். பக்கத்தில் நின்று எண்ணுவார். ஐந்தாவதை விட்டுவிட்டால் முதலில் இருந்து ஆரம்பம். கல்யாண வீட்டில் அவர் சாப்பிட்டுவிட்டுக் கைகழுவும் இடத்தில் நின்றால் வரிசை நகராது. அவருடைய பிரிவில் பிள்ளை வைத்திருந்தவர்கள் யாராவது வரிசையில் இருப்பார்கள், அவரைப் பார்த்ததும் பயந்துபோய் ஆறு விதத்தையும் செய்துகொண்டிருப்பார்கள். கிறிஸ்டோபர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். வீட்டுக்கு வந்து ஒரு தோசையைத் தொடுவதற்குள் ஆறிப்போய்விடுகிறது என்பது அவருடைய நெடுநாள் புகார்.

இவ்வளவு கண்டிப்பான மனுஷிக்கு ஒரு பெருமை இருந்தது. அது ஒரு தொப்பி.

குழந்தையை வெற்றுடம்பாக எடை போட வேண்டும் என்பது விதி. ஆனால் ஆயிரம் கிராம் குழந்தைக்கு உடம்பில் பெரிய பாகமே தலைதான். தொப்பியைக் கழற்றினால் உடம்புச் சூடெல்லாம் அந்த வழியாகத்தான் ஓடும். ஏசி ஓடுகிற அறையில் அந்தக் கொஞ்ச நேரத்திலேயே பாதம் சில்லிட்டுவிடும். எனவே ஏஞ்சல் ஒரு வழி கண்டுபிடித்தார். பிரிவில் கொடுக்கிற வெள்ளைப் பருத்தித் தொப்பிகளை எல்லாம் ஒரே தையல்காரம்மாதான் தைக்கிறார். அத்தனையையும் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தார், ஒவ்வொன்றும் சரியாகப் பத்து கிராம். ஆகவே தொப்பியோடு எடை போடு, பத்து கிராம் கழித்துக்கொள். மெஷினுக்கு மேலே சுவரில் அவரே பட்டையாக எழுதி வைத்தார்: தொப்பிக்குப் பத்து கிராம். டாக்டர் உதயகுமார் பார்த்துவிட்டு நல்ல யோசனை என்றார். அந்த ஒரு வார்த்தையை ஏஞ்சல் கிறிஸ்டோபரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கிறிஸ்டோபரைத்தான் கேட்க வேண்டும்.

போன ஆவணியில் அகிலாவின் குழந்தை வந்தது.

அகிலா பிள்ளையார்பாளையத்துப் பெண். கணவன் தேவேந்திரன் பட்டுத்தறி நெய்கிறவன். ஏழரை மாதத்தில் அகிலாவுக்கு ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்துவிட்டது. உடனே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். ஆண் குழந்தை, ஆயிரத்து நூற்று எண்பது கிராம். தாய்க்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்று அன்றைக்கே ஆம்புலன்ஸில் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். அவள் கண் திறந்தது அங்கே மூன்றாம் நாள். பெற்ற பிள்ளையை அவள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. குழந்தைகள் இருக்கும் அறைக்குள் போன் கொண்டுவரக் கூடாது என்பது ஏஞ்சலின் இன்னொரு சட்டம், அதனால் போட்டோவிலும் பார்க்க வழியில்லை.

அவளுக்கு வந்துகொண்டிருந்தது ஒரே ஒரு சீட்டு. தினமும் காலையில் குழந்தையின் எடையைத் தேதியோடு ஒரு சின்னச் சீட்டில் எழுதிப் பெற்றவர்களிடம் கொடுப்பது வழக்கம். தேவேந்திரன் அதை வெளியே எடுத்துப் போய் போட்டோ பிடித்துச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். அங்கே அகிலாவுக்குத் துணையாக இருந்த அக்கா துர்காதேவி போனைத் தங்கையின் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டுவாள். வாயால் சொன்னால் போதாதா என்று ஒரு நாள் ஏஞ்சல் கேட்டார். போதாது என்றான் தேவேந்திரன். அவர்கள் வீட்டில் கடையிலிருந்து இத்தனை கிராம் பட்டு, இத்தனை கிராம் ஜரிகை என்று சீட்டோடு வரும். புடவை திரும்பிப் போகும்போது எடை சீட்டோடு ஒத்துப்போக வேண்டும். நூல் சுற்றுவதும் நிறுப்பதும் அகிலாவின் வேலை. கணவன் வாயை நம்பி அவள் கால் கிராம்கூட ஒத்துக்கொண்டதில்லையாம்.

தாய் இல்லாத குறைக்குத் தகப்பன் நெஞ்சில் குழந்தையைச் சேர்த்து வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். தோலும் தோலும் ஒட்டியிருந்தால் குழந்தைக்குச் சூடும் கிடைக்கும், மூச்சும் ஒழுங்காக ஓடும். பொதுவாக அப்பாக்கள் சட்டையைக் கழற்றச் சொன்னால் கூச்சத்தில் நெளிவார்கள். தேவேந்திரனுக்கு அந்தத் தொந்தரவே இல்லை, தறியில் சட்டை போட்டு உட்கார்ந்தால்தான் அவனுக்குக் கூச்சம். பிரச்சினை வேறு விதமாக வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து குழந்தையை நெஞ்சில் கட்டிப் பத்து நிமிஷம் ஆனதும் அவன் கால்கள் இரண்டும் மாறி மாறி ஆட ஆரம்பித்தன. ஏஞ்சல் பயந்துபோய் அவனுக்கு ரத்தத்தில் சர்க்கரை பார்க்க ஏற்பாடு செய்தார். சர்க்கரை சரியாக இருந்தது.

"ஒண்ணுமில்ல சிஸ்டர். தறியில ஒக்காந்தா மாதிரி இருக்குது. கால் சும்மா இருக்க மாட்டேங்குது" என்றான்.

ஊடை நூலை ஓட்டும் நாடா கையில் இல்லாமலே அவன் பாட்டுக்குத் தறி மிதித்துக்கொண்டிருந்தான். குழந்தை நன்றாகத் தூங்கியது, ஏஞ்சலும் விட்டுவிட்டார்.

பத்தாம் நாளோ என்னவோ, குழந்தையை மெஷினில் வைக்க ஏஞ்சல் கை நீட்டினபோது தேவேந்திரன் அதை நெஞ்சிலிருந்து எடுத்துக் கையில் ஒரு நொடி ஏந்தினான். ஆயிரத்து நூற்றுப் பதினைந்து என்றான், யாருக்கும் சொல்லாமல் தனக்கே சொல்லிக்கொள்வதாக. ஏஞ்சலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குழந்தையை வாங்கினதும் அவர் கையும் அதையேதான் சொன்னது. மெஷினில் வைத்து, தொப்பிக்குப் பத்து கழித்தால் ஆயிரத்து நூற்றுப் பதினைந்து. இத்தனை வருஷத்தில் இன்னொரு கையை அவர் கண்டது அன்றுதான். சந்தோஷமும் பொறாமையும் ஒன்றாக வந்தன. அதற்கப்புறம் காலையில் எடை போடும் நேரம் இரண்டு பேருக்கும் பந்தயமாகிவிட்டது.

பிறந்த எடையிலிருந்து முதல் வாரம் இறங்கி, பிறகு மெல்ல ஏறி, பன்னிரண்டாம் நாள் ஆயிரத்து நூற்று இருபத்தைந்தில் நின்றது குழந்தை. பதின்மூன்றாம் நாள் ஆயிரத்து நூற்றுப் பத்து. ஏஞ்சல் சமாதானம் சொன்னார், ஏறும் இறங்கும், ஒரு நாளை வைத்துப் பார்க்கக் கூடாது என்றார். தேவேந்திரன் தலையாட்டிவிட்டுச் சீட்டைப் போட்டோ பிடித்து அனுப்பினான். மத்தியானத்துக்குள் துர்காதேவியிடமிருந்து போன் வந்தது. சீட்டைப் பார்த்ததும் அகிலா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டாளாம், கையிலிருந்த ஊசியைப் பிடுங்கப் போனாளாம், என்னைக் காஞ்சிபுரத்துக்குக் கொண்டுபோங்கள் என்று அழுகிறாளாம். இப்படியே சாப்பிடாமல் இருந்தால் தாங்காது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்று வீட்டுக்குக் கிளம்பும் முன் தேவேந்திரன் ஏஞ்சலிடம் வந்து ஒன்று கேட்டான். ஒரு நாளைக்கு எவ்வளவு ஏறினால் நல்லது? பதினைந்து கிராம் ஏறினால் போதும் என்றார் ஏஞ்சல். எதற்குக் கேட்கிறான் என்று அவர் யோசிக்கவில்லை.

பதினான்காம் நாள் குழந்தை ஆயிரத்து நூற்று இருபத்தைந்து. பதினைந்தாம் நாள் நூற்று நாற்பது. பதினாறாம் நாள் நூற்று ஐம்பத்தைந்து. டாக்டர் உதயகுமார் மகிழ்ந்துபோய்ப் பாலின் அளவைக் கூட்டச் சொன்னார். தாய்ப்பால் வங்கியிலிருந்து வரும் பாலை மூக்குக் குழாய் வழியாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுத்துக்கொண்டிருந்தார்கள், அது கூடியது. சென்னையில் அகிலா கேட்காமலே சாப்பிட ஆரம்பித்துவிட்டாள் என்று செய்தி வந்தது. எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள், ஏஞ்சலின் இடது கையைத் தவிர.

கைக்கு அந்தக் கணக்குப் பிடிபடவில்லை. மெஷின் நூற்று நாற்பது என்ற அன்று, எடை போட்டுத் தொப்பி மாற்றின பிறகு பால் கொடுக்கத் தூக்கினபோது கை நூற்றுப் பத்து என்றது. மறுநாள் இன்னும் மோசம், ஐம்பது கிராம் வித்தியாசம். தேவேந்திரன் இப்போதெல்லாம் பந்தயத்துக்கு வருவதில்லை, குழந்தையைத் தானே மெஷினில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். குழந்தையின் உடம்பில் சதை பிடித்த மாதிரியும் தெரியவில்லை. ஏஞ்சல் மெஷின்மேல் சந்தேகப்பட்டு, மருத்துவமனைக் கருவிகளைப் பார்க்கிற கண்ணாயிரத்தை வரவழைத்தார். கண்ணாயிரம் ஒரு கிலோ எடைக்கல்லை வைத்துக் காட்டினார். சரியாக ஒரு கிலோ. இரண்டாம் தடவை வைத்தார், அப்போதும் ஒரு கிலோ.

"மெஷின் நல்லாத்தான் இருக்குது. உங்க கைக்குத்தான் சர்வீஸ் டியூ ஆயிப்போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சின்ன நர்ஸுகள் எல்லாரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்கள். ஏஞ்சல் வீட்டுக்குப் போனதும் வெங்காயம், பருப்பு, கிறிஸ்டோபரின் ஆட்டோ சாவிக்கொத்து என்று கண்ணில் பட்டதை எல்லாம் ஏந்திப் பார்த்தார். கிறிஸ்டோபர் சமையலறைத் தராசில் வைத்துச் சரிபார்த்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. கையும் சரி, மெஷினும் சரி என்றால் குழந்தைதான் தப்பு என்று ஆகிறது. அப்படி ஒரு குழந்தையை அவர் இதுவரை பார்த்ததில்லை.

பதினேழாம் நாள் காலை. தேவேந்திரன் நாற்காலியில் உட்கார்ந்து நெஞ்சில் குழந்தையோடு மிதித்துக்கொண்டிருந்தான். எடை போட இன்னும் கால் மணி நேரம் இருந்தது. மானிட்டர் கத்தியது. ஏஞ்சல் திரும்பினபோது குழந்தையின் உதட்டைச் சுற்றி நீலம் படிந்திருந்தது, மூச்சு நின்றிருந்தது. இரண்டு எட்டில் போய்ப் பாதத்தைச் சுண்டினார். இல்லை. முதுகைத் தேய்த்து மறுபடி சுண்டினார். ஒரு விக்கலோடு மூச்சு வந்தது. குழந்தையை வாரிச் சூட்டு விளக்கின் கீழே போட்டு, ஆக்ஸிஜன் குழாயை மாட்டுவதற்காகத் தொப்பியை இழுத்தார். தொப்பி இடது கையில் வந்து விழுந்தது.

எண்பத்தைந்து என்றது கை.

 தொப்பியை அப்படியே பாக்கெட்டில் திணித்துவிட்டு வேலையைப் பார்த்தார். ஆக்ஸிஜன் ஓடியது, டாக்டர் ஓடிவந்தார், குழந்தையின் நிறம் திரும்பியது. வயிறு லேசாக உப்பியிருந்தது. அதற்குப் பிறகுதான் ஏஞ்சல் குழந்தையை வெறுந்தலையோடு மெஷினில் வைத்தார். ஆயிரத்துத் தொண்ணூற்றைந்து. ஏறவே இல்லை, இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. மூன்று நாள் எடையும் பொய், இது கிருமியாக இருக்கும் என்று அவர் டாக்டரிடம் சொன்னார். பாலை நிறுத்தினார்கள், ரத்தம் எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். இன்னும் ஒரு நாள் ஏறுகிறது என்று நம்பியிருந்தால், என்று ஆரம்பித்த டாக்டர் மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டார்.

ஏஞ்சல் தேவேந்திரனைக் கைகழுவும் இடத்துக்குக் கூட்டிப் போனார். அவன் முன்னாலேயே தொப்பியின் மடிப்பைப் பிரித்தார். உள்ளேயிருந்து ஜரிகைச் சுருள்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றும் ஐந்து கிராம், பதினைந்து சுருள். பிரிவிலேயே எடை குறைந்த குழந்தை, கல்யாணப் பொண்ணு முந்தானையில் போகிற ஜரிகையைத் தலையில் சுற்றிக்கொண்டு படுத்திருந்திருக்கிறது. தினமும் நெஞ்சில் வைத்திருக்கும்போதே அவன் கையால் எடை பார்த்து, எத்தனை சுருள் போட்டால் நேற்றைவிடப் பதினைந்து கூடுமோ அத்தனையைச் செருகியிருக்கிறான். எடை போட்டு முடிந்ததும் துவைப்பதற்கென்று தொப்பியை மாற்றி எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

"கொழந்த தலையில இதையா வெப்ப?" என்றார் ஏஞ்சல்.

"சானிடைசர்ல நனச்சி, காய வெச்சித்தான் சிஸ்டர் வெச்சேன். ஆறு வாட்டி கை கழுவிட்டுத்தான் தொட்டேன்."

அந்த நிமிஷம் அவனை அறைந்திருந்தால்கூட நான் ஏஞ்சலைக் குறை சொல்ல மாட்டேன். அறையவில்லை. ஆனால் திட்டினார். பத்தொன்பது வருஷத்தில் யாரையும் திட்டாத அளவுக்குத் திட்டினார். எடை ஏறுவதாக நினைத்துப் பாலைக் கூட்டினோம், அந்தப் பால் செரிக்காமல் வயிற்றில் நின்றது, உள்ளே கிருமி பெருகினது எங்களுக்குத் தெரியவில்லை, உன் ஜரிகை உன் பிள்ளையை மூடி மறைத்துவிட்டது என்றார். தேவேந்திரன் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"பொடவையில நாலஞ்சு கிராம் கொறஞ்சா உள்பக்கம் ரெண்டு இழை ஜாஸ்தி போட்டு நெரப்பிக் குடுத்துருவோம் சிஸ்டர். அதுல யாருக்கும் ஒண்ணும் ஆவாது. இதுவும் அந்த மாதிரின்னு நெனச்சிட்டேன். அவ துண்ணாம கெடந்தா. மறுபடி ஏறினதும் எடுத்துறலாம்னு பாத்தேன். அது ஏறவே இல்ல, சுருள்தான் ஏறிக்கினே போச்சி."

சொல்லிவிட்டு அழுதான். ஏஞ்சலுக்குத் திட்டு தீர்ந்துபோயிற்று. ஏனென்றால் திட்டிக்கொண்டே இருக்கும்போது பாதியில் அவருக்கு ஒன்று உறைத்திருந்தது. விதிப்படி வெறுந்தலையோடு எடை போட்டிருந்தால் இவன் எங்கே கொண்டுபோய் ஜரிகையை ஒளித்திருப்பான்? வாசலைத் திறந்து வைத்தது யார்? தன் கை மூன்று நாளாகக் கத்தியும், தொப்பியைக் கழற்றிப் பார்ப்போம் என்று ஒரு தடவைகூட அவருக்குத் தோன்றவில்லை. மெஷினைச் சந்தேகப்பட்டார், கையைச் சந்தேகப்பட்டார், சொந்த யோசனையை மட்டும் சந்தேகப்படவில்லை.

அவர் உள்ளே போய், ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துச் சுவரில் எழுதியிருந்ததை அழித்தார். எளிதில் போகவில்லை, பட்டையாகத்தான் எழுதியிருந்தார். பிறகு பதிவேட்டை எடுத்து மூன்று நாள் எடையையும் சிவப்பு மையில் அடித்து, காரணம் எழுதி, கையெழுத்துப் போட்டார். ஒரு எண்ணை அடித்துத் திருத்தினதற்காக இவரிடம் விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்த சின்ன நர்ஸுகள் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டாக்டரிடம் போய்த் தவறு தன்னுடையது, இனிமேல் விளக்கின் கீழே வைத்து வெறுந்தலையோடுதான் எடை என்று சொன்னார். நல்ல யோசனை என்று நானும்தானே சொன்னேன் என்றார் டாக்டர். அவர் முகமும் தொங்கித்தான் போயிருந்தது.

இரண்டு மணி நேரத்தில் குழந்தையின் மூச்சு சீரானது. கிருமியைத் தொடக்கத்திலேயே பிடித்துவிட்டோம், மருந்து கேட்கும் என்றார் டாக்டர். அவர் குனிந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தபோது குழந்தை அவருடைய கோட்டின் மீது மூத்திரம் பெய்தது. அது நல்ல அறிகுறி என்று அவரே துடைத்துக்கொண்டு சொன்னார்.

மிச்சமிருந்தது அகிலா. அன்றைய சீட்டு இன்னும் போகவில்லை, துர்காதேவி மூன்று தடவை கூப்பிட்டுவிட்டாள். தேவேந்திரன் ஏஞ்சலைக் கெஞ்சினான். குழந்தை தேறுகிற வரைக்கும் நூற்று எழுபது என்றே எழுதிவிடலாம், உண்மையைக் கேட்டால் அவள் தாங்க மாட்டாள், ஒரு தடவை பதினைந்து இறங்கினதற்கே ஊசியைப் பிடுங்கப் போனவள் என்றான். ஏஞ்சலும் அதைத்தான் யோசித்தார். இங்கே ஒரு உயிரைப் பிடித்து நிறுத்திவிட்டு, அங்கே ஒன்றை விட்டுவிடக் கூடாதே. ஆனாலும் இன்னொரு பொய்யை அவரால் எழுத முடியாது. நானே பேசுகிறேன் என்று சொல்லி நடைபாதையில் நின்று போனை வாங்கினார். ஸ்பீக்கரில் போட்டார்.

அகிலாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"எவ்ளோ சிஸ்டர்?"

"ஆயிரத்துத் தொண்ணூத்தஞ்சும்மா."

ஏஞ்சல் நிறுத்தவில்லை. தொப்பி, ஜரிகை, சுருள், தன்னுடைய பத்து கிராம், காலையில் மூச்சு நின்றது, திரும்பி வந்தது, இப்போது ஏறிக்கொண்டிருக்கும் மருந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். தேவேந்திரன் காதைப் பொத்திக்கொண்டிருந்தான். கடைசியில் போனிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று ஏஞ்சல் நினைத்தார். கொஞ்சம் கேட்ட பிறகுதான் அதில் சிரிப்பும் கலந்திருப்பது தெரிந்தது.

"அப்போ இருக்கானா சிஸ்டர்?" என்றாள் அகிலா.

"இருக்கான்மா. டாக்டர் கோட்டு மேலயே ஒண்ணுக்குப் போனான்."

"பதினஞ்சு, பதினஞ்சு, பதினஞ்சுன்னு சீட்டு வந்துது. எந்தக் கொழந்த சிஸ்டர் அப்டி அளவு வெச்சா மாதிரி ஏறும்? மொத நாளு சந்தோசப்பட்டேன். ரெண்டாவது சீட்டப் பாத்ததும் தெரிஞ்சிபோச்சி, இது என் வூட்டுக்காரர் கைவேலைன்னு. பையன் போய்ட்டான், எனக்குத் தெரியக் கூடாதுன்னு சும்மா எழுதி அனுப்பிக்கினு இருக்காருன்னு நெனச்சிட்டேன்."

"நீ சாப்புட ஆரம்பிச்சிட்டன்னு உங்கக்கா சொன்னாங்களேம்மா."

"அவங்க எல்லாரும் எனக்கோசரம் அழுவாம நடிச்சிக்கினு இருக்காங்க, நான் துண்ணலன்னா ஒடஞ்சிருவாங்கன்னு துண்ணேன் சிஸ்டர். ஒரு வாயும் எறங்கல. முழுங்கினேன்."

தேவேந்திரன் காதிலிருந்து கையை எடுத்தான். ஏஞ்சலுக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைக்கவும் முடியவில்லை, போனைத் தொட்ட கையை இன்னும் கழுவவில்லை. நாளைக்கு எவ்வளவு இருக்கும் என்று அகிலா கேட்டாள். பாலை நிறுத்தியிருப்பதால் இன்னும் கொஞ்சம் குறையும் என்று ஏஞ்சல் உள்ளதை உள்ளபடி சொன்னார்.

"கொறையட்டும். கொறஞ்சா கொறஞ்ச எடையவே எழுதுங்க" என்றாள் அகிலா.

மறுநாள் காலை குழந்தை ஆயிரத்து எண்பத்தைந்து. நேற்றைவிடப் பத்து கிராம் கம்மி. ஏஞ்சல் சீட்டை எழுதித் தேவேந்திரனிடம் கொடுத்தார், அவன் வெளியே போய் அனுப்பினான். அரை மணி நேரத்தில் துர்காதேவி கூப்பிட்டாள். அகிலா சீட்டைப் பார்த்துவிட்டுத் தானாக எழுந்து உட்கார்ந்து நாலு இட்லி சாப்பிட்டாளாம். இன்னும் இரண்டு கேட்கிறாளாம், கொடுக்கலாமா என்று சிஸ்டரைக் கேட்டுச் சொல்லுங்கள் என்றாள்.